மழைக்கால ஊரில் கிறிஸ்துமஸ் குக்கீ

தீபாவளிக்கு எங்கள் அடுக்குமாடியில் தட்டுகள் என் வீட்டுக்கு வரும்; கிறிஸ்துமஸுக்கு என் வீட்டிலிருந்து போகும். எதிர் வீட்டு மாமியின் தேன்குழலிலும் மேல் மாடியிலிருந்து வரும் மைசூர்பாகிலும் அவரவர் கைப்பக்குவம் தெரியும்போது, பதிலுக்குக் கடைக் கேக்கைத் துண்டு போட்டு அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. நாகர்கோவிலில் அம்மா இருந்தவரை இந்தச் சிக்கலே கிடையாது. பயறு வறுத்து, வெல்லப்பாகு காய்ச்சி, முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் எண்ணெயில் போட்டு எடுக்க அத்தைகளும் சித்திகளுமாக வீட்டில் ஒரு கூட்டமே இருந்தது. பெரம்பூரில், ஒரே ஒருவர் நின்று திரும்பக்கூடிய சமையலறையில், அந்த வேலை நடக்காது. அதனால்தான் குக்கீக்கு மாறினேன். ஒரே மாவு, ஒரே அடுப்பு. பிள்ளைகள் தூங்கிய பிறகு தனி ஆளாக உட்கார்ந்து செய்யலாம். எண்ணெய்ச் சட்டியை விட்டு நகர முடியாமல் நிற்க வேண்டாம்.

ஆனால் குக்கீ செய்முறைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுச் சமையலறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வெண்ணெயை அறை வெப்பநிலைக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் அறை 20 டிகிரி, சென்னையில் டிசம்பர் பகல் 29 டிகிரி. குக்கீயின் மேல் பூசும் சர்க்கரைப் பூச்சான ஐசிங் ஓர் இரவில் காய்ந்துவிடும் என்பார்கள். வடகிழக்குப் பருவமழை இன்னும் விடைபெறாத ஊரில் அது காயாது. பனிமனிதன், கையுறை, கலைமான் என்று அவர்கள் தரும் வடிவங்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு கையுறை வரைந்தவர்களுக்கு அந்த வேடிக்கை புரியும்.

மாவில் கை வைப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து வீடுகளை எழுதுவேன். நம் வீட்டில் தின்னச் சுடுவது வேறு, கொடுக்கச் சுடுவது வேறு. எதிர் வீட்டில் முட்டை ஆகாது. மூன்றாம் மாடி பாய் வீட்டில் ஆல்கஹால் சேர்ந்த எதுவும் ஆகாது. வெனிலா எசென்ஸ் பலவற்றில் மணத்தைக் கரைத்து வைத்திருப்பதே ஆல்கஹால்தான். ஜெலட்டின் பன்றியிலிருந்தும் எடுக்கப்படுவதால், அது சேர்ந்த மார்ஷ்மெல்லோவும் அந்த வீட்டுக்குப் போகாது. இன்னொரு வீட்டுக் குழந்தைக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது. கீழ் வீட்டுத் தாத்தாவுக்குச் சர்க்கரை நோய். வீட்டுக்கு ஒரு மாவு பிசைவது ஆகிற காரியமில்லை. ஆகவே எல்லாருக்கும் பொருந்தும் ஒரே மாவு: முட்டை இல்லை, வேர்க்கடலை இல்லை, வெனிலாவுக்குப் பதில் ஏலக்காய்.

மாவில் முட்டை இல்லாவிட்டாலும் ஐசிங் வழியாக அது உள்ளே வந்துவிடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ராயல் ஐசிங் என்பதே முட்டை வெள்ளைக்கருவும் ஐசிங் சுகரும்தான். பச்சை முட்டையைத் தவிர்க்கக் கடைகளில் விற்கும் மெரிங் பவுடரைப் பொடியாயிற்றே, அதில் முட்டை இருக்காது என்று நம்பி வாங்குகிறவர்கள் உண்டு. அதில் முக்கியமானதே உலர்த்திப் பொடித்த முட்டை வெள்ளைக்கருதான். மேலே தூவும் சிவப்பு மணிகளின் உறையில் ஐஎன்எஸ் 120 என்ற சேர்க்கைப் பொருள் எண் இருந்தால் அந்தச் சிவப்பு ஒரு பூச்சியிலிருந்து எடுத்த கார்மைன். எதிர் வீட்டு மாமி தட்டை வாங்குவதற்கு முன் கேட்டார்: "ஏம்மா, மேலே வெள்ளையாகப் பூசியிருக்கிறதே, அதிலும் முட்டை இல்லையே?" கேட்டது நல்லதாயிற்று. கேட்கக் கூச்சப்பட்டு வாங்கி வைத்துக்கொண்டு, வேலைக்கு வரும் பெண்ணிடம் அப்படியே கொடுத்துவிடுகிற வீடுகளும் உண்டு அல்லவா? அதிலிருந்து ஒவ்வொரு டப்பாவின் மேலும் கடைப் பொட்டலங்களில் இருப்பதைப் போலப் பச்சைப் புள்ளி வைத்து, என்னென்ன சேர்த்திருக்கிறேன் என்று கையால் எழுதி ஒட்டிவிடுகிறேன். படத்தைவிட அந்தச் சிறு சீட்டுக்குத்தான் பாராட்டு அதிகம்.

தாத்தா விஷயத்தில் ஒரு வார்த்தை. சர்க்கரை நோய்க்காரருக்குக் கருப்பட்டி சேர்த்துச் செய்தால் ஒன்றும் ஆகாது என்று எங்கள் ஊர்ப் பக்கம் சொல்வார்கள். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். அவருக்கு நான் இனிப்பே அனுப்புவதில்லை. அதே மாவில் சர்க்கரையை ஒரு கரண்டியாகக் குறைத்து, ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகும் நறுக்கிய கறிவேப்பிலையும் சேர்த்துக் காரமாகச் சுடுவேன். அதிலும் மைதா இருக்கிறது என்பதால் கொஞ்சமாகத்தான் வைப்பேன், பக்கத்தில் வறுத்த முந்திரியோடு. தேநீர் நேரத்துக்கு அந்த வீட்டில் பாட்டியும் அதையே கேட்கிறார் என்று கேள்வி.

இனி மாவு. மைதா 300 கிராம், வெண்ணெய் 200 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம். ஸ்காட்லாந்து ஷார்ட்பிரெட்டின் பழைய கணக்கு இது. நம் நான்கட்டாய்க்கும் நெருங்கிய சொந்தம். முட்டையும் பேக்கிங் பவுடரும் இல்லாததால் மாவு உப்பாது, வெட்டிய நட்சத்திரம் நட்சத்திரமாகவே வெளியே வரும். மைதாவில் 30 கிராமைக் குறைத்து அந்த அளவுக்குக் கார்ன்ஃப்ளோர் சேர்த்தால் வாயில் போட்டதும் கரையும். உப்புப் போட்ட மஞ்சள் வெண்ணெய் போதும். தனியாக உப்பு வேண்டாம், ஐசிங்கின் தித்திப்புக்கு அந்த உப்பே மாற்று. வனஸ்பதி சேர்த்தால் வடிவம் இன்னும் கச்சிதமாக நிற்கும் என்பது உண்மை. அது அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதும் உண்மை. கொடுக்கிற பண்டத்தில் அந்தக் கஞ்சத்தனம் எனக்குப் பிடிக்காது.

சர்க்கரையை மிக்ஸியில் நைசாகப் பொடித்துச் சலிக்க வேண்டும். வெண்ணெயைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துத் துண்டுகளாக்கி ஒரு பத்து நிமிடம் விட்டால் போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், மேற்பரப்பு பளபளக்கக் கூடாது. பளபளத்தால் உருகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த மாவு தட்டில் பரவும். கேக்குக்கு அடிப்பதுபோல் வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க நுரைக்க அடிக்கவும் வேண்டாம். உள்ளே ஏறும் காற்று அடுப்பில் விரிந்து ஓரங்களைக் கலைக்கும். இரண்டும் கலந்ததும் மைதாவைச் சேர்த்து, மாவு ஒன்றுகூடியதும் கையை எடுத்துவிட வேண்டும். சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கைக்கு இது மிகக் கடினம். பிசையப் பிசைய மைதாவின் பசைத்தன்மை ஏறி, குக்கீ கடிபடாமல் அடுப்பில் சுருங்கவும் செய்யும்.

எல்லாச் செய்முறையும் மாவை உருண்டையாக்கிக் குளிர வைத்த பிறகு தேய்க்கச் சொல்லும். எங்கள் வீட்டில் நேர் எதிர். மாவு மெத்தென்று இருக்கும்போதே இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்துப் பூரிக்கட்டையால் அரைச் சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான கனத்தில் தேய்த்துவிடுவேன். கனம் ஒரே சீராக இருக்க இரு பக்கமும் ஒரே உயரமுள்ள மரச் சட்டங்களை வைத்துக்கொண்டால், கட்டை அவற்றின் மேல் உருளும். அந்தத் தகட்டை அப்படியே ஒரு மணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்து, விறைத்த பிறகு வெட்டுவது. குளிர்ந்த உருண்டையைத் தேய்க்கப் போராடும் நேரத்தில் அது இளகிவிடுகிற ஊர் இது. வெட்டிய துண்டுகளைத் தட்டோடு மறுபடி பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்து அடுப்பில் ஏற்றினால் நட்சத்திரத்தின் முனைகள் கத்தி போல நிற்கும்.

ஓடிஜி எனப்படும் சிறு மின்னடுப்பின் குமிழ் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். உள்ளே வைக்கும் சிறிய வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மொத்தக் கருவிகளிலும் மலிவானது, பயன் மிகுந்தது. 160 முதல் 170 டிகிரி. ஒரு நேரத்தில் ஒரு தட்டு, நடுத் தளத்தில். இரண்டு தட்டு வைத்தால் மேலே உள்ளது கருகும், கீழே உள்ளது அடியில் கருகும். பாதியில் தட்டைத் திருப்பி வைக்க வேண்டும். 15 நிமிடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். ஓரம் வெளிர்பொன் நிறத்துக்கு வந்ததும் எடுத்துவிடச் சொல்வார்கள். நான் இன்னும் ஓரிரு நிமிடம் விடுவேன். நடுவில் ஈரம் மிச்சமிருந்தால் இந்தக் காற்றில் சீக்கிரமே நமுத்துப்போகும். வெளியே எடுத்ததும் தொடாதீர்கள், சூட்டில் பொடிந்துவிடும். தட்டிலேயே சற்று ஆறவிட்டுப் பிறகு கம்பி வலைக்கு மாற்றலாம். முழுக்க ஆறுவதற்கு முன் ஐசிங் வைத்தால் வெண்ணெய் மேலே கசிந்து வெள்ளையில் எண்ணெய்ப் புள்ளிகள் விழும்.

ஐசிங்குக்கு முட்டைக்கு மாற்றாக நான் பயன்படுத்துவது கொண்டைக்கடலை வேகவைத்த நீர். கேட்டதும் முகம் சுளிக்காதவர்களை நான் இதுவரை பார்த்ததில்லை. கடலையை இரவு ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் உப்புப் போடாமல் வேகவைத்து, அந்த நீரிலேயே ஆறவிட்டு வடிகட்ட வேண்டும். தண்ணீராக ஓடினால் சிறு தீயில் வற்றவைத்து வழவழப்பு வரச் செய்ய வேண்டும். நவராத்திரிக்கு மாமி வீட்டில் சுண்டல் செய்யும்போது உப்புப் போடுவதற்கு முன் ஒரு கிண்ணம் எடுத்துத் தந்துவிடுவார். ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால் கிறிஸ்துமஸ் வரை தாங்கும். கடலை நீர் 60 மில்லியை நுரை வரும்வரை அடித்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, ஐசிங் சுகரை 300 கிராமிலிருந்து தேவைக்கேற்ப 350 கிராம் வரை சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். கடலை வாசனை போய்விடும். இதற்கு வீட்டில் பொடித்த சர்க்கரை ஆகாது. அதன் நறநறப்பு, ஐசிங்கைப் பிழியும் கூம்பின் முனையை அடைக்கும். கடை ஐசிங் சுகரையும் ஒருமுறை சலித்தே போட வேண்டும். பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு துளி இருந்தாலும் நுரை எழாது. பிளாஸ்டிக் கிண்ணம் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எவர்சில்வர் பாத்திரத்தை எலுமிச்சைத் தோலால் துடைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

படங்களில் நாம் பார்க்கும் பளிங்குபோன்ற குக்கீக்கு இரண்டு பதத்தில் ஐசிங் வேண்டும். ஓரத்தில் வரம்பு கட்டக் கெட்டியாக ஒன்று, வரம்புக்குள் நிரப்ப இளகலாக ஒன்று. இளகல் பதத்தைப் பார்க்க ஐசிங்கில் கத்தியால் ஒரு கோடு கிழித்தால், பத்துப் பதினைந்து விநாடிக்குள் கோடு தானாக மூடிக்கொள்ள வேண்டும். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். நிரப்பிய பின் மேலே வரும் காற்றுக் குமிழிகளை ஊசியால் உடைத்துவிட வேண்டும். காத்திருக்கும் ஐசிங்கை ஈரத்துணியால் மூடி வைக்காவிட்டால் மேலே ஏடு கட்டிவிடும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் சென்னை டிசம்பரில் நிரப்பிய ஐசிங் உலர்வது பெரும்பாடு. சர்க்கரைக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. வெளியே மழை பிடித்துக்கொண்டால் மறுநாள் மாலையிலும் விரல் ஒட்டும். ஒட்டும் ஐசிங்கில் சிவப்பு வெள்ளைக்குள் கசியும். ஏசி ஓடும் அறையில் தட்டுகளைப் பரப்பி வைப்பதே சரியான வழி, ஏசி காற்றின் ஈரத்தை எடுத்துவிடுகிறது. மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் மினுமினுப்பும் குறையாமல் இருக்கும். சமையலறையில் வைத்துவிட்டு அதே நேரத்தில் குக்கரில் சோறு வைக்கக் கூடாது. அடுப்பை இளஞ்சூட்டுக்குக் கொண்டுவந்து அணைத்து, கதவைத் திறந்தபடி சற்று நேரம் உள்ளே வைப்பது கைகொடுக்கும், சூடு 50 டிகிரியைத் தாண்டினால் வெண்ணெய் மேலே வந்துவிடும். குளிர்ப்பெட்டியில் மட்டும் வைக்கவே வேண்டாம். வெளியே எடுத்ததும் வியர்த்து, வண்ணமெல்லாம் ஒன்றாகும்.

ஏசி என்றால் மின்சாரம் வேண்டும். டிசம்பரில் சென்னையில் அதற்கும் உத்தரவாதம் இல்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது நகரமே இருட்டில் கிடந்தது. எங்கள் தெருவில் மரங்கள் கம்பிகளின் மேல் விழுந்து, மின்சாரம் வர வெகுநாளாயிற்று. குளிர்ப்பெட்டியில் இருந்த மாவுத் தகடுகள் போய்விட்டன. முன்பே சுட்டு எவர்சில்வர் சம்படத்தில் அடைத்திருந்தவை மட்டும் மிஞ்சின. அந்த ஆண்டு ஐசிங்கே இல்லை. மொட்டைக் குக்கீகளை அப்படியே எண்ணி வீட்டுக்கு வீடு கொடுத்தேன். நன்றாக இருந்தது, இன்னும் இருக்கிறதா என்று கேட்டு ஆள் வந்தது அந்த ஆண்டில்தான். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அழகாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருந்தார்கள். சில வீடுகளில் பொங்கல் வரைக்கும் கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு இருந்ததையும் பார்த்திருக்கிறேன். தின்பண்டத்துக்கு அதைவிட அவமானம் வேறில்லை என்பது என் கட்சி. மேலே அப்பும் ஐசிங் அதிகமாக அதிகமாகக் கீழே இருக்கும் வெண்ணெயின் சுவை தெரியாமல் போகிறது. சர்க்கரையைப் பிசைந்து தகடாகத் தேய்த்துப் போர்த்தும் ஃபாண்டன்ட் பற்றிக் கேட்காதீர்கள்; மெல்லவும் முடியாது, துப்பவும் முடியாது.

அதன் பிறகு நிரப்புவதை விட்டுவிட்டேன். கோடு மட்டும். மெல்லிய கோடு ஈரக் காற்றிலும் ஓரிரு மணி நேரத்தில் இறுகிவிடுகிறது. இனிப்பும் அளவாக நிற்கிறது. ஆனால் வெளிர்பொன் குக்கீயில் வெள்ளைக் கோடு எடுபடாது. அதற்காகக் கருப்பான ஒரு மாவு தேவைப்பட்டது. ஐரோப்பாவில் கிறிஸ்துமஸுக்கு இஞ்சி, பட்டை, கிராம்பு போட்டுக் கருஞ்சர்க்கரைப் பாகில் செய்யும் ஜிஞ்சர்பிரெட் இருக்கிறதே, அதற்கு வேண்டிய எல்லாம் நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கின்றன. கருஞ்சர்க்கரைப் பாகுக்கு உடன்குடிக் கருப்பட்டி.

கருப்பட்டி 150 கிராமைத் தட்டி, மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, சற்றே கெட்டியாகும்வரை கொதிக்கவிட்டு ஆறவைக்க வேண்டும். வெண்ணெய் 120 கிராம், மைதா 300 கிராம், சுக்குப் பொடி இரண்டு தேக்கரண்டி, பட்டைப் பொடி ஒரு தேக்கரண்டி, கிராம்பும் ஏலக்காயும் பொடித்துக் கால் தேக்கரண்டி வீதம், சமையல் சோடா அரைத் தேக்கரண்டி. பாகு முழுக்க ஆறாமல் வெண்ணெயில் ஊற்றினால் எல்லாம் எண்ணெயாகிவிடும். மாவு உதிர்ந்தால் ஒரு கரண்டி பால், ஒட்டினால் ஒரு கரண்டி மைதா. கருப்பட்டிக்குக் கருப்பட்டி ஈரம் மாறும் என்பதால் இதற்குமேல் துல்லியமாகச் சொல்ல முடியாது. இந்த மாவு ஓர் இரவு குளிர்ப்பெட்டியில் இருந்தால் சுக்கின் காரம் உள்ளே இறங்கும். சுடும்போது நிறம் பார்த்து முடிவு செய்ய முடியாது, ஏற்கெனவே கருப்பு. வாசனை வீடு முழுக்கப் பரவி, ஓரம் விரலுக்கு உறுதியாகத் தட்டுப்பட்டால் எடுத்துவிடலாம்.

இந்தக் கருப்பு வட்டங்களைப் பார்த்துவிட்டுத்தான் எதிர் வீட்டு மாமி, "இதில் கோலம் போடலாமே" என்றார். மார்கழி பிறந்து வாசல் முழுக்கக் கோலம் விழுகிற வாரத்தில்தான் நான் ஐசிங் பையோடு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அது தோன்றவில்லை பாருங்கள். ஏழு சென்டிமீட்டர் வட்டத்தில் பெரிய கோலம் பிடிக்காது. மூன்று புள்ளி மூன்று வரிசை நேர்ப்புள்ளி, அதைச் சுற்றி ஒரு சிக்குக் கோடு, அவ்வளவுதான். மாமியின் கட்டளை: "முதலில் எல்லாவற்றிலும் புள்ளியை வைத்து முடி. புள்ளி காய்ந்த பிறகு கோட்டுக்கு வா." புள்ளிகள் மேடாக இறுகியிருப்பதால் கோடு தவறிப் பக்கத்துப் புள்ளியில் சரியாது.

ஐசிங்கில் கோடு இழுக்கத் தெரியாதவர்கள் செய்வது கூம்பின் முனையைக் குக்கீயின் மேல் வைத்து எழுதுவது. அப்படிச் செய்தால் கோடு நசுங்கிப் பட்டையாகும். முனையைத் தொட்டு ஒட்டவைத்து, உடனே ஒரு விரற்கடை உயரத்துக்குத் தூக்கி, நூலாக விழவிட்டுக் கையை நகர்த்த வேண்டும். திரும்பும் இடத்தில் வேகத்தைக் குறைத்து, முடிக்கும் இடத்தில் அழுத்தத்தை நிறுத்திவிட்டுத் தொட வேண்டும். இந்த வித்தை எனக்குக் கைவர வெகுகாலம் ஆயிற்று. மாமிக்கோ முதல் வட்டத்திலேயே வந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து கோலமாவை, விரல் தரையைத் தொடாமல் விழவிடுவதும் இதே வேலைதானே. கூம்பு செய்வதில் பாய் வீட்டுப் பெண் கெட்டி. பெருநாளுக்கு மருதாணிக் கூம்பு சுற்றிப் பழகிய கை, கெட்டியான பிளாஸ்டிக் தாளை வாங்கிச் சுற்றிச் சுற்றி அடுக்கி வைத்துவிடும். முனையை ஊசி அளவுக்கு வெட்டினால் போதும், உலோக முனை தேவையில்லை. இப்போதெல்லாம் கோடு இழுக்கும் வேலை அவர்களிடமே போய்விட்டது; எனக்குச் சுடுவதும் எடுபிடியும்.

வண்ணத்தைப் பற்றிச் சுருக்கமாக. சிவப்பைத் தவிர்த்துவிடுங்கள். அடர் சிவப்பு வர அளவுக்கு மீறிச் சாயம் போட வேண்டும், அது கசக்கும், நாக்கையும் சட்டையையும் நிறமாக்கும். பீட்ரூட் பொடி நல்ல ரோஜா நிறம் தரும். சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்த சாறு நீலம் தரும். ஐசிங்கில் எலுமிச்சை இருந்தால் அந்த நீலம் ஊதாவாக மாறும். நீலமாகவே வேண்டும் என்றால் எலுமிச்சையை விட்டுவிட வேண்டும். இவையெல்லாம் தண்ணீர்ச் சேர்க்கை என்பதால் ஐசிங்கை முதலில் வழக்கத்தைவிடக் கெட்டியாகக் கலக்கி வைத்துக்கொள்வது நல்லது. சன்னல் வெளிச்சத்தில் வைத்தால் இயற்கை நிறங்கள் வெளுத்துப்போகும். வெள்ளித் தூள், தங்கத் தூள் என்று விற்கும் மினுக்கிகளில் எச்சரிக்கை தேவை. 'நச்சுத்தன்மை இல்லாதது' என்று உறையில் எழுதியிருப்பதால் மட்டும் அது உண்ணத் தகுந்தது ஆகிவிடாது. சேர்மானப் பட்டியல் இல்லாத தூளை நான் தொடுவதில்லை.

புயல் பயத்தால் வேலையை இப்போது பிரித்துக்கொள்கிறேன். டிசம்பர் முதல் வாரத்தில் மாவுத் தகடு எதையும் செய்து வைப்பதில்லை; 2023-இல் மிக்ஜாம் வந்ததும் அந்த வாரத்தில்தான். 15-ஆம் தேதிக்குப் பிறகு மாவு, 18, 19-இல் சுடுவது, ஒரு நாள் விட்டு ஐசிங், முழுதாக ஒரு நாள் உலர்ச்சி, 23-இல் விநியோகம். 24 இரவு ஆராதனைக்குப் போகிற அவசரத்தில் டப்பா கட்டிக்கொண்டிருக்கக் கூடாது. சுட்டதும் ஆறியதும் சம்படத்தில் அடைத்து மூடிவிட வேண்டும். வெண்ணெய்க் குக்கீ இரண்டு வாரத்துக்கு மேலும் மொறுமொறுப்பாக இருக்கும். கருப்பட்டிக் குக்கீ ஈரம் இழுத்து ஒரு வாரத்தில் மெதுவாகும். மெதுவானதுதான் ருசி என்று சொல்பவர்களும் உண்டு.

இரண்டையும் ஒரே டப்பாவில் போடக் கூடாது. கருப்பட்டியின் ஈரம் வெண்ணெய்க் குக்கீக்குப் போய்விடும், சுக்கு வாசனையும் ஏறிவிடும். ஒரே தட்டில் பிளம் கேக் துண்டும் அச்சு முறுக்கும் வைத்து அனுப்பும் பழக்கம் எங்கள் ஊரில் உண்டு. கேக்கைத் தனியே தாளில் சுற்றாமல் அப்படி வைத்தால் மாலைக்குள் குக்கீயும் முறுக்கும் நமுத்துவிடும். அடுக்கும்போது ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் பட்டர் பேப்பர், கோலம் போட்டவை மேல் அடுக்கில் மட்டும். டப்பாவை ஆட்டிப் பார்த்தால் சத்தம் கேட்கக் கூடாது. கேட்டால் கசக்கிய தாளை இடுக்கில் திணிக்க வேண்டும்.

வெளியூருக்கு அனுப்புவதானால் ஐசிங் இல்லாத வட்டங்களை மட்டும் அனுப்புங்கள். மதுரையில் இருக்கும் நாத்தனாருக்கு நட்சத்திரங்கள் அனுப்பியதில் கூரியர்காரர்கள் கால்களையெல்லாம் தனியாகக் கொண்டு சேர்த்தார்கள். மேலே 'உடையும் பொருள்' என்று எழுதி ஒட்டியதால் அவர்கள் கூடுதல் அக்கறையோடு எறிந்திருப்பார்கள் போலிருக்கிறது. நாத்தனார் அந்தத் தூளைப் பாலில் ஊறவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். வட்டத்துக்கு முனை இல்லை. ஒன்றன் மேல் ஒன்றாக நாணயம்போல் அடுக்கி, உருளையாகத் தாளில் சுற்றி, டப்பாவில் இறுக்கமாக வைத்தால் தாங்குகிறது.

இதை விற்கலாமே என்று ஆண்டுதோறும் யாராவது சொல்கிறார்கள். விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும், வீட்டுச் சமையலறையில் செய்தாலும் அது பொருந்தும். அது பெரிய வேலை அல்ல. விலை வைப்பதுதான் வராத காரியம். வெண்ணெய்க்கும் கருப்பட்டிக்கும் கணக்குப் போட்டுவிடலாம். மூன்று பெண்கள் இரவு பதினொரு மணிவரை சாப்பாட்டு மேசையில் குனிந்து புள்ளி வைத்ததற்கு எந்தக் கணக்கில் காசு போடுவது என்று மாமியிடம் கேட்டேன். "முதலில் எனக்குக் கூலி கொடு, அப்புறம் வியாபாரம் பேசலாம்" என்றார். இந்த ஆண்டு கூலியாக அவர் கேட்டிருப்பது காரக் குக்கீ, கறிவேப்பிலை தூக்கலாக.